குரூப்பில் வந்தது, பேப்பரில் வந்தது

நிருபர் வேலையில் முன்பெல்லாம் செய்தியைத் தேடி நாங்கள் போவோம், இப்போது செய்தி எல்லார் வீட்டுக்கும் போய்விட்டு, கடைசியாக “நான் நிஜமா, பொய்யா?” என்று கேட்க எங்களிடம் வருகிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுக்கும் சேர்த்து ஒரு தமிழ் நாளிதழின் பகுதி நிருபர் நான். ஒரு ஸ்கூட்டர், ஒரு போன், அந்தப் போனுக்குள் ஊரில் உள்ள எல்லா வாட்ஸ்அப் குரூப்பும். நீங்களும் ஏதாவது ஒரு குடியிருப்போர் குரூப்பில் இருப்பீர்கள். ரோஜாப்பூ போட்ட காலை வணக்கத்துக்கும் மூட்டுவலி மருந்துக்கும் நடுவில் “அவசரம், எல்லோருக்கும் பகிரவும்” என்று ஒன்று வந்து விழுந்திருக்கும். பகிரலாமா, வேண்டாமா என்று நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு யோசித்திருப்பீர்கள். அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

வடிந்த பிறகு

தேவகி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் தையல் வேலை செய்கிறவர். அவருடைய தெரு கொஞ்சம் பள்ளம். நல்ல மழை பெய்தால் மழைத்தண்ணீரும் சாக்கடையும் கைகோத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்துப் பார்த்து அலுத்துப்போய், ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து போனேன். கட்டிலுக்குமேல் கேஸ் அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பைகள், ஜன்னல் திண்டில் மிக்சி. எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். எங்கள் செய்தி ஆசிரியர் சந்தானம் சார் போனில், “மழைன்னா தண்ணி நிக்கத்தாம்மா செய்யும். இதுல என்ன புதுசு?” என்றார். செய்தி வரவில்லை.

தேவகி காத்திருக்கவில்லை. அதே தண்ணீரில் நின்று தோசை சுட்டுக்கொண்டே ஒரு வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார். “எங்க ஊட்டாண்ட நீச்சல் குளம் தொறந்துகீறாங்க. எல்லாரும் வாங்க, குளிச்சிட்டு சூடா தோசை துண்ணுட்டுப் போங்க.” ஊரே சிரித்தது. சில நாள் கழித்து சந்தானம் சார் பதறிப்போய்க் கூப்பிட்டார். “உங்க ஏரியா வீடியோ எங்க பாத்தாலும் ஓடுது. நமக்கு மட்டும் ஏம்மா வரல?” போன வாரமே அனுப்பினேன் சார் என்றேன். “அப்ப வைரல் ஆகலையேம்மா” என்றார், அது என் தவறு என்பதுபோல.

மறுபடி போனேன். டி.வி. கார்கள் தெருமுனையை அடைத்துக்கொண்டு நின்றன. தெரு காய்ந்து கிடந்தது. ஒரு கேமராக்காரர் தேவகியை, “தண்ணி எதுவரைக்கும் இருந்ததுன்னு கையால காட்டுங்கம்மா” என்று கேட்டுக்கொண்டிருந்தார். காட்டி முடித்துவிட்டுத் தேவகி என்னிடம் வந்தார். “போன வாரம் நீ வந்தப்போ தண்ணி இருந்துச்சு, நூஸ் வர்ல. இப்போ நூஸ் வந்துட்ச்சு, தண்ணி இல்ல. அடுத்த மழைக்காவது ரெண்டும் ஒண்ணா வருமா மேடம்?”

என் பேரு

கொரட்டூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் முரளிக்கு ஒரு செல்போன் ரிப்பேர் கடை. கடையைவிடப் பெரியது அவர் நடத்தும் பேஸ்புக் பக்கம். கரண்ட் போனாலும், ரயில் நின்றாலும், ஏரிக்கரையில் மாடு சறுக்கி விழுந்தாலும் முதலில் அங்கேதான் வரும். அவர் எனக்குப் போட்டியாளர். பல நாள் எனக்குச் செய்தி கிடைப்பதும் அவரிடமிருந்துதான். இரண்டும் ஒரே ஆளாக இருப்பதுதான் சங்கடம்.

காலையில் எங்கள் பேப்பர் வெளிச்சத்தைப் பார்ப்பதற்குள் நான் எழுதிய செய்தியைப் போட்டோ பிடித்து, மேலே தன் பக்கத்தின் முத்திரையைக் குத்திப் போட்டுவிடுவார். மூன்று நாள் அலைந்து எழுதிய ஒரு செய்தியையும் அப்படிப் போட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. நேராகக் கடைக்கே போய்விட்டேன். “நான் வெயில்ல சுத்தி எழுதினது முரளி. பேப்பர் பேராவது போடக் கூடாதா?” என்றேன். ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை. பக்கத்தில் கிடந்த பழைய பேப்பர்க் கட்டிலிருந்து ஒன்றை உருவி என் முன்னால் போட்டார். எங்கள் பேப்பர்தான். முதல் பக்கத்தில், குடோன் தீப்பிடித்து எரியும் படம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து மாடியில் ஏறி அவர் எடுத்தது. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் “நன்றி: சமூக வலைதளம்” என்று இருந்தது.

“அமுதாக்கா, எங்கப்பா எனுக்கு முரளினுதான் பேரு வச்சாரு. சமூக வலைதளம்னு எப்போ மாத்துனீங்க?”

நடை

வானகரத்தில் பைபாஸுக்கு உள்ளடங்கின ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூர், மதுரை, நாகர்கோவில் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்த ஐ.டி. ஊழியர்கள். ஒருநாள் காலை அவர்களுடைய குரூப்பில் ஒரு கண்காணிப்பு கேமரா காட்சி. மங்கலான வெளிச்சத்தில் நீளமான ஒரு உருவம் மதில் ஓரமாகப் பம்மிப் பம்மிப் போகிறது. ஒருவர் “பூனையா?” என்று கேட்டார். அடுத்தவர் “பெரிய பூனை” என்றார். மூன்றாமவர் “சிறுத்தை மாதிரி இருக்கே” என்றார். மத்தியானத்துக்குள் “மாதிரி இருக்கே” எங்கேயோ விழுந்துவிட்டது. டி.வி.யில் சிவப்புப் பட்டையில் “வானகரத்தில் சிறுத்தை?” என்று ஓடியது. அந்தக் கேள்விக்குறியை எங்கள் தொழிலில் நாங்கள் குடைபோலப் பிடித்துக்கொள்வோம். டி.வி.யில் வந்ததும் குரூப்பில், “பாத்தீங்களா, டி.வி.யிலயே சொல்லிட்டாங்க” என்று போட்டார்கள். குரூப்பைப் பார்த்துத்தான் டி.வி. சொன்னது என்பது யாருக்கும் நினைவில்லை.

வனத்துறை ஆட்கள் வந்து கால்தடத்தைப் பார்த்துவிட்டு நாய் என்றார்கள். யாரும் நம்பவில்லை. அத்தனை பேர் பார்த்த சிறுத்தையை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. கடைசியில் எதிர்ப்புறம் டிபன் கடை வைத்திருக்கும் சரோஜா அக்கா, ஒரு செம்பட்டை நாயைக் கயிற்றில் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. நாய் வாலை ஆட்டியது.

“எங்க மணிதாம்மா இது. பின்னங்கால்ல அடிபட்டதுலேர்ந்து அப்டித்தான் பம்மிக்கினு நடக்கும். டி.வி.ல காட்டுனப்போ நடைய பாத்துதான் கண்டுபுடிச்சேன், இல்லாட்டி நானும் பயந்துகினுதான் இருந்திருப்பேன்.”

பாதித் தலைப்பு

இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விஷயமில்லை.

ஒரு சமயம் எல்லா குரூப்பிலும் ஒரு குரல் பதிவு சுற்றியது. பதறுகிற ஒரு பெண் குரல்: பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள், வியாபாரி வேஷத்தில் திரிகிறார்கள், குழந்தைகளை வெளியே விடாதீர்கள். அது எந்த ஊர், எப்போது பேசியது, யாருக்கும் தெரியாது. போலீஸ் தரப்பில் எங்களைக் கூப்பிட்டு, இது வதந்தி, மக்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். மறுநாள் தலைப்பு இரண்டு வரியில் வந்தது. பெரிய எழுத்தில், “பூந்தமல்லி பகுதியில் குழந்தை கடத்தும் கும்பல்?” அதன்கீழே அதைவிடச் சின்ன எழுத்தில், “வதந்தியை நம்ப வேண்டாம் என போலீசார் வேண்டுகோள்.”

அன்று மாலையே குரூப்புகளில் எங்கள் பேப்பரின் படம் வந்தது. மேல் வரி மட்டும். கீழ் வரியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். கேள்விக்குறிகூட ஓரத்தில் பாதிதான் தெரிந்தது.

கன்னியப்பன் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். பூந்தமல்லிக்கு வெளியே ஒரு அறையில் தங்கி, சைக்கிளில் தெருத்தெருவாகப் போய், பெண்கள் சீவிச் சேர்த்து வைத்திருக்கும் உதிர்ந்த தலைமுடியை வாங்குகிறவர். முடிக்குப் பதில் கிண்ணம், கரண்டி, ஹேர்பின் கொடுப்பார். கூட வரும் பிள்ளைகளுக்கு ஒரு பலூன். புதிதாக முளைத்த ஒரு நகரில் ஒரு குழந்தை தனியாக ஓடிவந்து பலூன் கேட்டிருக்கிறது. இவர் குனிந்து கொடுத்திருக்கிறார். மாடியிலிருந்து யாரோ ஒருவர் கத்த, அவ்வளவுதான். விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். அவரிடம் வழக்கமாக முடி கொடுத்துக் கிண்ணம் வாங்கும் சாந்தி என்கிற பெண், வீட்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, “எங்களுக்குத் தெரிஞ்ச ஆளுய்யா, வுடுங்கய்யா” என்று குறுக்கே நின்றிருக்காவிட்டால், நான் எழுதவேண்டியது வேறு செய்தியாகியிருக்கும். குறுக்கே நின்றதற்குச் சாந்திக்கும் தோளில் அடி.

நான் போய்ச் சேர்ந்தபோது போலீஸார் அவரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். உடைந்த சைக்கிளும், சாலையோரம் சிதறிய கிண்ணங்களும், காற்றில் உருளும் முடிக்கற்றையும் கிடந்தன. கூட்டத்தில் பனியன் கசங்க நின்ற ஒருவரிடம், விசாரிக்காமல் ஏன் அடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் முரடர்போல இல்லை. இரண்டு சின்னப் பெண் குழந்தைகளின் அப்பா. போனை எடுத்து அந்தப் பாதித் தலைப்பை என்னிடமே காட்டினார். “வாட்ஸ்அப்ல வந்தப்போ நான் நம்பல மேடம். பேப்பர்ல வந்த அப்புறந்தான் நம்புனேன்” என்றார். முழுத் தலைப்பையும் என் போனில் எடுத்துக் காட்டினேன். படித்தார். மறுபடி படித்தார். பிறகு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கன்னியப்பனைப் பார்த்தேன். கையில் மாவுக்கட்டு, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சாந்தி தம்ளரில் கஞ்சி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். நான் மெதுவாகச் சொன்னேன்: “நீங்க நிரபராதின்னு பெருசா எழுதுறோம். உங்க போட்டோவும் போட்டா ஜனங்களுக்கு நல்லாப் புரியும்.” அவர் அந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அது இல்லை.

“போட்டோ வோணாம்மா. இப்ப அந்த ஒரு தெருவுக்குத்தான் என் மூஞ்சி தெரியும். பேப்பர்ல போட்டீங்கன்னா அத வெட்டி வேற எதுனா எழுதி அனுப்புவாங்க, அப்புறம் நான் எந்தத் தெருவுல போயி பொழைக்கிறது?”

கத்திரிக்கோல்

படம் இல்லாமல்தான் எழுதினேன். முதல் பக்கத்தில் வந்தது. முரளி தன் பக்கத்தில் போட்டார். இந்தத் தடவை பேப்பர் பெயரோடு, என் பெயரோடு. பாதித் தலைப்பு ஓடிய வேகத்தில் கால்வாசிகூட அது ஓடவில்லை. பயத்தை அனுப்பினவர்களுக்கு அதைத் திருப்பி வாங்க ஏனோ கை வருவதில்லை.

அந்த வாரம் அலுவலகத்துக்குப் போனபோது சந்தானம் சாரின் மேஜைமேல் அந்த வெட்டிய தலைப்பின் பிரிண்ட் இருந்தது. தலைப்புக்குப் பேர்போனவர் அவர். நாலு வார்த்தையில் ஒரு கதையைச் சொல்லிவிடுவார். எப்போதும் ஏதாவது கிண்டல் பேசுகிறவர் அன்று, “அந்த ஆளுக்கு எப்படிம்மா இருக்கு?” என்று மட்டும் கேட்டார். கட்டு பிரிக்க நாளாகும் என்றேன். எல்லா உதவி ஆசிரியர்களையும் கூப்பிட்டார். வதந்தி என்றால் “வதந்தி” என்ற சொல்தான் முதலில் வரவேண்டும், கேள்விக்குறித் தலைப்பு கூடாது, மறுப்பு எப்போதும் தலைப்பின் அதே வரியில் இருக்கவேண்டும் என்றார். ஒரு இளைஞர், “அப்படி வச்சா யாரும் கிளிக் பண்ண மாட்டாங்களே சார்” என்று இழுத்தார். இணையப் பதிப்பில் எத்தனை பேர் படித்தார்கள் என்பதுதான் அவருக்குத் தினசரிப் பரீட்சை. அவரைக் குறைசொல்ல முடியாது. சந்தானம் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இத்தனை வருஷமா வாசகர் எப்படிப் படிப்பார்னு நெனச்சு தலைப்பு வச்சேன்பா. இனிமே அவர் எங்க வெட்டுவார்னு நெனச்சு வைக்கணும்.”

இரங்கல்

வேதமூர்த்தி அய்யா அம்பத்தூரில் இருக்கும் பழைய மேடை நாடக நடிகர். ராஜபார்ட் வேஷம் கட்டினவர். ஒருநாள் காலையில் எல்லா குரூப்பிலும் அவர் படத்துக்கு மாலை போட்டு, “ஆழ்ந்த இரங்கல்” ஓடியது. ஒரு டி.வி.யிலும் காலமானார் என்று வந்துவிட்டது. எனக்கு அலுவலகத்திலிருந்து, வாழ்க்கைக் குறிப்பு உடனே வேண்டும் என்று போன். துக்க வீட்டில் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு அவர் வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிட்டேன். எதிர்முனையில் கணீரென்று, “வேதமூர்த்தி பேசுறேன்” என்றது குரல்.

“அய்யா, நீங்களா?” என்றேன். அவரே சிரித்தார். இறந்தது வேறு ஊரில் அதே பெயருள்ள இன்னொருவர். காலையிலிருந்து தன் சாவுக்கு வந்த துக்கத்தையெல்லாம் தானே வாங்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஒரு காலத்தில் அவர் குரலைக் குறைசொன்னவர்கள்கூடக் குரூப்பில் அவரைச் சிங்கம் என்று எழுதியிருந்தார்களாம். நான் மன்னிப்புக் கேட்டு, “இப்பவே எங்க வெப்சைட்ல மறுப்பு போட்டுடறோம் அய்யா, டி.வி.க்காரங்களுக்கும் சொல்லிடறேன்” என்றேன். அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

“சாயங்காலம் வரைக்கும் பொறும்மா. எத்தனையோ வருஷமா என்கூடப் பேசாத என் தம்பி, டி.வி.யப் பாத்துட்டு விழுப்புரத்துலேர்ந்து பஸ் ஏறிட்டானாம். அவன் வந்து சேரட்டும், அப்புறம் நான் உயிரோட இருக்கேன்னு போட்டுக்கோ.”

கிடைத்துவிட்டான்

சேக்காட்டில் இருக்கும் செல்வம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். அவருடைய மகன் அஸ்வின் சின்ன வகுப்பில் படித்தபோது, ஆவடி பேருந்து நிலையத்தில் கூட்டத்தில் கை நழுவி, வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். அவர் அழுதுகொண்டே, பையன் படத்தையும் தன் போன் நம்பரையும் குரூப்பில் போட்டார். இருட்டுவதற்குள் பூந்தமல்லியில் ஒரு பூக்காரம்மா போனில் பார்த்த முகத்தை நேரில் பார்த்து, பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செல்வத்தைப் போனில் கூப்பிட்டுவிட்டார். பையன் கிடைத்துவிட்டான். செய்தி கிடைக்கவில்லை. அதாவது, “காணவில்லை” போன இடத்துக்கெல்லாம் “கிடைத்துவிட்டான்” போகவில்லை.

வருஷங்கள் ஆகியும் அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருந்தது. சேலத்திலிருந்து போன், தூத்துக்குடியிலிருந்து போன், துபாயிலிருந்து போன். ஒரு டி.வி. நிகழ்ச்சியில் அதை எடுத்துப்போட, மறுபடி ஒரு சுற்று. பள்ளிக்கூடத்தில் பையனைக் “காணாமப்போனவன்” என்றே கூப்பிட்டார்கள். செல்வம் என்னிடம் வந்து, பேப்பரில் போட்டு இதை முடித்துவைக்கச் சொன்னார். போட்டேன். மீசை அரும்பிய அஸ்வினின் புதுப்படத்தோடு, வெட்ட முடியாத ஒற்றை வரித் தலைப்போடு. குரூப்புகளும் எடுத்துப் போட்டன. போன்கள் குறைந்தன, நிற்கவில்லை.

போன மாதம் ஆவடி சந்தையில் செல்வத்தைப் பார்த்தேன். இன்னும் போன் வருகிறதா என்றேன். வருகிறது என்றார். “அந்த சிம்மைத் தூக்கிப் போட்டுட்டு வேற நம்பர் வாங்கக் கூடாதா?” என்று கேட்டேன். காய்கறிப் பையைக் கீழே வைத்தார்.

“மொதல்ல அப்டித்தான் நெனச்சேன் மேடம், ஆனா கிடைச்சிட்டான்னு சொன்னதும் அந்தாண்ட ஒரு பெருமூச்சு வுட்டு ‘அப்பாடா’ன்றாங்க பாருங்க, என் புள்ளைக்காக யாருனே தெரியாத ஒருத்தர் வுடற அந்த மூச்சுக்காவவே நம்பர வச்சிகினுகீறேன்.”

ஊர் பேசுவதை நாங்கள் எழுதுகிறோம், நாங்கள் எழுதியதை ஊர் பேசுகிறது, முதலில் சொன்னது யார் என்று கேட்டால் மட்டும் இரண்டு பேரும் எதிரே இருப்பவரைக் கைகாட்டிவிட்டுத் திரும்ப போனைக் குனிந்து பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.